ஒரு பாட்டில் மிச்சம்

அத்தியாயம் பதினான்கு

"இன்னிக்குத்தானே?"

"இன்னிக்குத்தான்."

"மூணு மணிக்குத்தானே?"

"அம்மா, எழுந்ததிலிருந்து இது ஒம்பதாவது தடவை. மூணு மணிக்குத்தான்."

அம்மா அடுப்பை அணைத்தாள். பிறகு மறுபடி பற்றவைத்தாள். அடுப்பின் மேல் பாத்திரமே இல்லை என்பதை இரண்டு தடவையும் கவனிக்கவில்லை.

இருபத்து மூன்று நாளாக இந்த வீட்டில் நாள்காட்டியைக் கிழிக்கிற வேலை அம்மாவுடையது. மகள் பெரியவளின் வேலை ஆய்வகத்தில். அங்கே ஸ்டெம் செல்களை நாள்தோறும் ஊட்டி வளர்த்து, கொஞ்சம் கொஞ்சமாக ஈரல் செல்களாக மாற்றுகிறார்கள். அப்படி மாறிய செல்களை ஒரு பையில் நிரப்பி, ஈரலுக்குப் போகும் ரத்தக்குழாயில் ஏற்றுவார்கள். கைவிட்டுப்போன ஈரலுக்கு அது ஒரு முட்டுக்கொடுப்பு. மாற்று ஈரல் கிடைக்கும்வரை ஆளைத் தாங்கிப் பிடிக்கும். பிடிக்கலாம். இதுவரை மூன்று பேருக்குப் போட்டதில் இரண்டு பேரைத் தாங்கியிருக்கிறது.

இன்று மூன்று மணிக்கு ஏற்ற வேண்டிய பைக்கு எண் ஏழு. ஏழு என்பது பெரியவளின் தம்பி.

"அவளும் வருவாளா?" என்றாள் அம்மா.

"வராம? அவ புருஷன்மா."

"எனக்கு மகன். அவளால ஒரு துண்டு ஈரல் குடுக்க முடிஞ்சுதா? ஈரல்ல கொழுப்புன்னு டாக்டர் சொன்னப்ப எனக்கு ஆச்சரியமே இல்ல. வாயில இருந்தது எங்கேயாவது இறங்கித்தானே ஆகணும்."

பெரியவளுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. குனிந்து செருப்பு வாரை இழுத்துவிட்டாள். குடும்பத்தில் யார் ஈரலும் உதவவில்லை. அம்மாவுக்கு வயது கடந்துவிட்டது. பெரியவளுக்கு ரத்தப் பிரிவு சேரவில்லை. டீச்சருக்குக் கொழுப்பு. தம்பி மனைவி கணக்கு டீச்சர். கட்டிக்கொண்ட நாளிலிருந்து வீட்டில் எல்லோருக்கும் அவள் டீச்சர்தான், புருஷனுக்கும்.

"நீ வளத்ததுதானே இது? உன் கை பட்டதுதானே?"

"என் கைதான். வேற யார் கையும் படல."

அதைச் சொல்லும்போது அவள் குரலில் கொஞ்சம் தலைக்கனம் இருந்தது. அம்மாவுக்கு அது ஆறுதலாகப் பட்டது.

ஆய்வகத்தில் ஒரு விதி உண்டு. சொந்தக்காரருக்குப் போகிற செல்களைத் தொடக்கூடாது. வேலையில் சேரும்போதும், ஒவ்வொரு புது எண் தொடங்கும்போதும் ஒரு தாளில் கேட்பார்கள்: நோயாளிகளில் உறவினர் யாராவது உண்டா? பெரியவள் 'இல்லை' என்ற கட்டத்தில் குறி போட்டிருந்தாள். டீச்சர்தான் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "அண்ணி, நீங்களே வளருங்க அண்ணி. வேற யாரையும் நம்ப முடியாது." அழாமல் இருந்தாலும் பெரியவள் அப்படித்தான் செய்திருப்பாள். தன் கை மாதிரி இன்னொரு கை அங்கே கிடையாது என்பது அவளுடைய உறுதி.

*

மேலதிகாரி அம்மாளுக்கு ஆய்வகத்தில் 'முத்திரை' என்று பெயர். தாள் எதுவானாலும் முத்திரை குத்தாமல் விடமாட்டாள். டீ வாங்கி வந்த ரசீதில்கூட ஒருமுறை குத்தியிருக்கிறாள்.

பெரியவள் உள்ளே நுழைந்தபோது முத்திரை எழுந்து நின்றாள். அவள் யாருக்கும் எழுந்து நிற்பவள் இல்லை.

"எவ்வளவு மேடம்?"

"உக்காரு."

"நின்னே கேக்கறேன்."

"நூத்துக்கு நாலு."

நூறு செல்லில் நான்கு, ஈரலாக மாறாமல் தொடக்கத்தில் இருந்தபடியே இருக்கின்றன. மாறாத செல் எப்படி வேண்டுமானாலும் வளரும். உடம்புக்குள் போனால் கட்டியாகும். நூற்றுக்கு ஒன்றுகூட இருக்கக்கூடாது என்பது கணக்கு.

"சரியா எண்ணினாங்களா?"

"நானும் அதைத்தான் கேட்டேன். மறுபடி எண்ணச் சொன்னேன். ரெண்டாவது தடவை நாலரை."

"புரதம் சுரக்குதா?"

"சுரக்குது. மத்ததெல்லாம் நல்லாத்தான் இருக்கு. தொண்ணூத்தாறு செல்லு அருமையான செல்லு. அந்த நாலுக்கு என்ன பண்றது?"

பெரியவள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"மேடம், கட்டி வர்றதுன்னா வருஷக்கணக்காகும். ஆளுக்கு வாரக்கணக்குதான் இருக்கு. எது முதல்ல வரும்னு யோசிச்சா..."

"எந்த ஆளுக்கு?"

"ஏழுக்கு."

"ஏழுக்கு வாரக்கணக்குதான்னு உனக்கு யாரு சொன்னா? எனக்கே சொல்லலையே."

பெரியவள் மேசையிலிருந்து கையை எடுத்தாள்.

"ஈரல் நல்லா இருக்கறவங்களா மேடம் இங்க வர்றாங்க?"

முத்திரை அவளை ஒரு முறை நன்றாகப் பார்த்தாள். பிறகு இழுப்பறையைத் திறந்து, கட்டையை எடுத்துச் சிவப்பு மையில் தோய்த்துக் குத்தினாள். 'நிராகரிக்கப்பட்டது.' சத்தம் எப்போதும்போல்தான் கேட்டது.

"நாளைக்குக் காலைல ஏழு மணிக்குப் புதுசா தொடங்கறோம். எண் ஏழுக்குத்தான். ஆஸ்பத்திரியில கேட்டுட்டேன்."

"மறுபடி இருபத்து மூணு நாளு."

"குறைக்க முடியுமா? செல்லுகிட்ட அவசரம்னு சொன்னா கேக்குமா? நீதான் வளக்கற. இன்னொருத்தி பிரசவ லீவுல இருக்கா, வர்றதுக்கு ஒரு மாசம் ஆகும். உன் கை இருக்கிற வரைக்கும் எனக்குக் கவலை இல்ல."

"ஏன் மேடம் நாலு வந்துச்சு?"

"அதை நீதான் எழுதிக் கொடுக்கணும். முதல்ல இதைக் கொட்டிட்டு, பாட்டிலை எண்ணு."

கொட்டுவதற்கும் உள்ளே போகிற உடைதான். தலையுறை, முகமூடி, ஒன்றன் மேல் ஒன்றாக இரண்டு கையுறை. பெரியவள் செல்கள் வளர்கிற சூட்டுப் பெட்டியைத் திறந்து பத்துத் தட்டுகளையும் வெளியே எடுத்தாள். ஒன்றை மட்டும் நுண்ணோக்கியின் கீழ் வைத்தாள். பார்க்க வேண்டாம் என்று நினைத்துக்கொண்டே பார்த்தாள்.

ஓடு பதித்த தரை மாதிரி இருந்தன செல்கள். ஒவ்வொன்றும் ஐந்து மூலை, ஆறு மூலை. விளிம்பில் வெளிச்சம். ஈரல் செல்தான், யார் பார்த்தாலும் சொல்வார்கள். தட்டை நகர்த்தினாள். ஒரு ஓரத்தில் உருண்டையாக, ஒன்றன் மேல் ஒன்று ஏறிக்கொண்டு ஒரு சின்னக் கும்பல். நேற்று பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். நேற்று அவள் நடுவில் மட்டும் பார்த்தாள்.

வெளுப்புத் திரவத்தை ஊற்றினாள். தட்டிலிருந்த இளஞ்சிவப்பு நொடியில் வெளுத்தது. பத்தாவது தட்டு வரும்போது கை பழகிவிட்டது.

செல்களுக்கு ஊற்றுகிற திரவத்தை அங்கே எல்லோரும் 'சாப்பாடு' என்பார்கள். முதல் ஐந்து நாள் வெள்ளை மூடி பாட்டில். ஆறாம் நாளிலிருந்து நீல மூடி. அந்த ஆறாம் நாள் திருப்பம்தான் முக்கியம். அன்று சாப்பாடு மாறினால்தான் செல் ஈரல் பக்கம் திரும்பும். ஒவ்வொரு பாட்டிலிலும் நாள் எண் ஒட்டியிருக்கும். வெள்ளையில் மட்டும் ஒன்று எண் இல்லாமல் கூடுதலாக வரும், சிந்திப் போனால் இருக்கட்டும் என்று.

ஒரு நோயாளி எண்ணுக்கான வேலை முழுதும் முடிந்தபிறகுதான் பாட்டிலை எண்ணுவது வழக்கம். காலி பாட்டில்கள் கூடையில் இருந்தன. பெரியவள் வரிசையாக எடுத்து வைத்தாள். வெள்ளை ஐந்து. அதற்கப்புறம் கையில் வந்ததும் வெள்ளை. எண் இல்லாத, கூடுதல் பாட்டில். காலி.

யாரும் எதுவும் சிந்தவில்லையே.

அவள் குளிர்பெட்டியைத் திறந்தாள். வேறு ஒரு எண்ணின் பாட்டில்களுக்குப் பின்னால், சுவரோடு ஒட்டி, நீல மூடி ஒன்று நின்றது. மூடியைச் சுற்றிய ஒட்டுத்தாள் கிழியவில்லை. மேலே தெளிவாக, அவளே ஒட்டிய எண்: 6.

ஆறாம் நாள் மூன்றரை மணி. அவள் உள்ளே இருந்தாள். சுவரிலிருந்த ஒலிபெருக்கியில் வரவேற்புப் பெண் சொன்னாள்: "உங்க வீட்டிலிருந்து ஃபோன். ஆஸ்பத்திரிக்கு உடனே வரச் சொல்றாங்க. ரத்த வாந்தியாம்." டீச்சர்தான் கூப்பிட்டிருந்தாள். பெரியவள் குளிர்பெட்டியில் முன்னால் நின்ற பாட்டிலை எடுத்தாள். ஊற்றினாள். தாளில் 'ஆறு, நீலம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். ஓடினாள். பக்கத்தில் நின்று பார்த்ததாக இன்னொருவர் கையெழுத்து வேண்டும். மறுநாள் காலையில் முத்திரைதான் அந்தக் கையெழுத்தைப் போட்டுக் கொடுத்தாள். "உன் கைக்கு எதுக்குச் சாட்சி?" என்று சிரித்துக்கொண்டேதான் போட்டாள்.

பெரியவள் திரும்பிப் பார்த்தாள். முத்திரை கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் குனிந்து எழுதிக்கொண்டிருந்தாள்.

நீல மூடி பாட்டில் உள்ளங்கையில் அடங்குகிற அளவுதான். உடை மாற்றுகிற அறையில் அவள் கைப்பை இருந்தது. பாட்டில் அதற்குள் போயிற்று. எப்படிப் போயிற்று என்று கேட்டால், தானாகப் போனது மாதிரிதான் அவளுக்கு இருந்தது.

*

"உள்ளுக்குள்ள ஆளா நீங்க இருந்தும் இப்படியா அண்ணி?"

டீச்சர் ஆஸ்பத்திரி நடைவழியில் நின்றிருந்தாள். கையில் சலவை செய்த சட்டை ஒன்று. ஏற்றி முடித்ததும் புருஷனுக்குப் போட்டுவிடக் கொண்டு வந்தது.

"டாக்டர் சொல்லிட்டாரா?"

"சொன்னாரு. பை சரியில்லையாம். மறுபடி இருபத்து மூணு நாளாம். ரெண்டு வாரம் தாங்கட்டும், அப்புறம் பேசலாம்னாரு. ரெண்டு வாரம்னா பதினாலு. இருபத்து மூணுல பதினாலு போனா மீதி ஒம்பது நாளு இவரு எங்க இருப்பாரு? நான் கணக்கு டீச்சர். எனக்கே இந்தக் கணக்கைச் சொல்றாரு."

"டீச்சர், கொஞ்சம் மெல்ல."

"யாரு பண்ணினது?"

"விசாரிக்கறாங்க."

"விசாரிக்கறாங்களாம்! எங்க ஸ்கூல்ல ஒரு பிள்ளைக்கு ஒரு மார்க் தப்பாப் போட்டா, திருத்தினவங்க கையெழுத்தைப் பாத்துப் பிடிச்சுடுவோம். உங்க லேப்ல கையெழுத்து இருக்காதா?"

"இருக்கும்."

"அப்ப பேரைச் சொல்லுங்க. எவளோ ஒருத்தி அரட்டை அடிச்சுக்கிட்டு வேலை பாத்திருக்கா. அவளைச் சும்மா விடறதா?"

பெரியவள் கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டாள். டீச்சர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. புகார்ப் படிவம் வாங்க நர்ஸ்கள் இருக்கிற பக்கம் விடுவிடுவென்று போனாள்.

தம்பி கட்டிலில் சாய்ந்திருந்தான். வயிறு உப்பி, கால் இரண்டும் குச்சியாகி, கண் மஞ்சளாகிக் கிடந்தான். காலையிலேயே யாரோ முகச்சவரம் செய்துவிட்டிருந்தார்கள். இரண்டு மாதம் படுக்கையில் இருந்தும் நகக்கண்ணில் இருந்த கிரீஸ் கறை போகவில்லை. அவன் லிஃப்ட் மெக்கானிக்.

"லிஃப்ட்லயா வந்தே?"

"ஆமா."

"இந்த மாடியில அரை இஞ்சு கீழே நிக்குது. கவனிச்சியா? யாராவது தடுக்கி விழப்போறாங்க. சொன்னா யாரும் கேக்க மாட்டேங்கறாங்க."

"சாப்பிட்டியா?"

"எதுக்குக்கா சுத்தி வளைக்கறே? டாக்டர் சொல்லிட்டாரு." அவன் சிரிக்கப் பார்த்தான். "அம்மாகிட்ட என்ன சொல்லப் போறே?"

"தெரியல."

"பை ஓட்டைன்னு சொல்லு. அம்மாவுக்குப் புரியும்."

பெரியவள் முக்காலியில் உட்கார்ந்தாள். நடைவழியில் லிஃப்ட் கதவு திறந்து மூடியது. அவன் கண்ணை மூடிக்கொண்டு அந்தச் சத்தத்தைக் கேட்டான்.

"நாங்க மோட்டாரைக் கழட்டி மாட்டினா, மூடறதுக்கு முன்னால தட்டுல என்ன மிச்சம்னு பாப்போம்," என்றான். "ஒரே ஒரு நட்டு மிச்சமிருந்தாலும் ஆளை ஏத்த மாட்டோம். எங்கேயோ போட வேண்டியதைப் போடலைன்னு அர்த்தம். உங்க வேலையில அப்படி உண்டா?"

"உண்டு."

"எப்ப எண்ணுவீங்க?"

"எல்லாம் முடிஞ்சப்புறம்."

"அப்புறம் எண்ணி என்னக்கா பிரயோஜனம்? நாங்க ஒவ்வொரு தடவை மூடறப்பவும் எண்ணுவோம்." கண்ணைத் திறந்தான். "எண்ணினியா?"

அவள் தலையசைத்தாள்.

"மிச்சம் இருந்துச்சா?"

"ஒரு பாட்டில்."

"என்னிக்குப் போட வேண்டியது?"

"ஆறாம் நாளு."

தம்பி கூரையைப் பார்த்தான். விரலை ஒவ்வொன்றாக மடக்கி, தொடங்கிய நாளிலிருந்து எண்ணினான். டீச்சருக்குத்தான் கணக்கு வேகம். அவனுக்கு விரல் விட்டால்தான் வரும். ஆனால் இந்தக் கணக்குக்கு விரல் அதிகம் தேவைப்படவில்லை.

"நான் ரத்தம் வாந்தி எடுத்த அன்னிக்கு."

"ஆமா."

"நெத்தியில தொப்பித் தழும்போட வந்து நின்னே. நாலேகாலுக்கெல்லாம் வந்துட்டியேன்னு கேட்டேன். வேலை முடிஞ்சுதுன்னு சொன்னே."

"முடிஞ்சுதுன்னுதான்டா நினைச்சேன்."

"பேசினைப் பிடிச்சுக்கிட்டே." அவன் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் அவளுக்குக் கொஞ்சம் இலகுவாக இருந்திருக்கும். "பேசினைப் பிடிக்க நர்ஸ் இருந்தாங்களே அக்கா. நீ வந்திருக்க வேண்டாம்."

அவள் கைப்பையைத் திறந்து பாட்டிலை எடுத்து அவன் போர்வை மேல் வைத்தாள். ஏன் வைத்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. நீல மூடி. ஆறு.

அவன் அதைத் தொடவில்லை. ஆனால் முகம் மாறியது.

"இது இங்க எப்படி வந்துச்சு?"

"எடுத்துக்கிட்டு வந்துட்டேன்."

"கேட்டுட்டா?"

"இல்ல."

"அங்க யாருக்கும் தெரியாது."

"தெரியாது. தெரிஞ்சா என்னை வெளிய நிறுத்திடுவாங்க. நாளைக்கு ஏழு மணிக்கு உனக்குப் புதுசா தொடங்கறாங்க. இன்னொருத்தி லீவு. நான் இல்லைன்னா தொடங்கவே ஆள் இல்ல. அதான்..." அவள் அவன் கையைப் பிடித்தாள். "இந்தத் தடவை தப்பாதுடா. என்னை நம்பு. ஒவ்வொரு நாளும் எண்ணறேன்."

அவன் கையை மெல்ல இழுத்துக்கொண்டான்.

"எங்ககிட்ட ஒருத்தன் இருந்தான். நல்ல வேலைக்காரன். மிச்ச நட்டைப் பாக்கெட்டுல போட்டுக்கிட்டு வீட்டுக்குப் போயிட்டான். நட்டை விட்டதுக்கு யாரும் அவனைத் திட்டல. பாக்கெட்டுல போட்டான் பாரு, அதுக்கப்புறம் அவன் கையில யாரும் ஸ்பேனர் குடுக்கல."

"நான் உன் அக்காடா."

"அதான் வலிக்குது."

செருப்புச் சத்தம் கேட்டது. டீச்சர் உள்ளே வந்தாள். பெரியவள் பாட்டிலை எடுக்கக் கை நீட்டுவதற்குள் தம்பி போர்வையை இழுத்து அதை மூடினான். அது ஒன்றுதான் அன்று அவன் அவளுக்குச் செய்தது.

டீச்சர் படிவத்தைக் கட்டிலோரப் பலகையில் விரித்தாள். கரும்பலகையில் எழுதுகிற கையெழுத்தில், ஒரு திருத்தம் இல்லாமல், எல்லாக் கட்டத்தையும் நிரப்பியிருந்தாள். என்ன நடந்தது, என்று நடந்தது, யாருக்கு நடந்தது. ஒரே ஒரு கட்டம் காலி.

"பேர் மட்டும்தான் அண்ணி. உங்களுக்குப் பயமா இருந்தா வாயால சொல்லுங்க, நானே எழுதிக்கறேன். நீங்க சொன்னீங்கன்னு யாருக்கும் தெரியாது."

தம்பி முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டான்.

"பேனாவை அக்காகிட்டக் குடு," என்றான்.

பெரியவள் பேனாவை வாங்கினாள். சுவர் பக்கம் திரும்பியிருந்த அந்தப் பிடரியைப் பார்த்தாள். நாளைக்கு ஏழு மணி. சூட்டுப் பெட்டி. திறக்க ஆள் யார்? பிடரி அசையவில்லை.

எழுதத் தொடங்கினாள். எதிரே நின்று பிள்ளைகளின் நோட்டைத் தலைகீழாகவே படித்துப் பழகியவள் டீச்சர். இரண்டு எழுத்து விழுவதற்குள் குறுக்கிட்டாள்.

"அண்ணி, அண்ணி, இடம் மாறிப்போச்சு. புகார் குடுக்கறவங்க பேர் கீழே. இது தப்பு பண்ணினவங்க பேர் போடற இடம்."

பெரியவள் கோடு இழுத்து அடிக்கவில்லை. பேரை முழுசாக எழுதி முடித்தாள். டீச்சர் இன்றைய தேதியைப் போட்டிருந்த இடத்தில், அதை அடித்துவிட்டு, வேறு தேதி போட்டாள்.

டீச்சர் குனிந்து அந்தத் தேதியைப் பார்த்தாள். முதலில் புரியாமல் பார்த்தாள். பிறகு உதடு அசைந்தது, நாளை எண்ணுகிற மாதிரி.

"அன்னிக்கு மூணரைக்கு... நான்தானே ஃபோன் பண்ணி உங்களை..."

அவள் கையில் இருந்த சலவைச் சட்டை மடிப்புக் கலைந்து தரையில் விழுந்தது. அவள் அதை எடுக்கவில்லை. படிவத்தை எடுத்து நான்காக மடித்தாள். கிழிக்கப் போகிறாளா, கொண்டுபோய்க் கொடுக்கப் போகிறாளா என்று அவள் முகத்திலிருந்து கண்டுபிடிக்க முடியவில்லை.

"டீச்சர்," என்றான் தம்பி, சுவரைப் பார்த்தபடியே. "கதவைச் சாத்து."